நார்டிக் நாடுகளின் செய்தி நுகர்வை ஒப்பிட எந்தத் தரவை எடுக்கலாம்?

கேள்வி: வடமீன்

முதுகலை ஆய்வேட்டுக்காக ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஐந்தையும் ஒப்பிட உத்தேசம். இணையச் செய்திக்குப் பணம் கட்டும் பழக்கம், செய்தி மீதான நம்பிக்கை, இந்த இரண்டும்தான் பொருள். புதிதாகக் கருத்துக்கணிப்பு நடத்த வழியில்லை. இருக்கிற தரவை வைத்துத்தான் செய்ய வேண்டும். கூடவே, பத்திரிகை மானியம் பற்றி நாளிதழ்களில் எவ்வளவு எழுதினார்கள் என்று சொல் தேடி எண்ணலாமா? எனக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். எங்கே சறுக்கும்?

பதில் 1: மாதிரிக்கணக்கு

முதலில் ஐந்தை ஸ்வீடன், நார்வே என்று இரண்டாகக் குறையுங்கள். காரணம் தரவிலேயே இருக்கிறது. பல நாடுகளில் செய்தி நுகர்வைக் கணிக்கும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் ஆண்டறிக்கையில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து உண்டு, ஐஸ்லாந்து இல்லை. 2024 அறிக்கைப்படி இணையச் செய்திக்குப் பணம் கட்டியவர்கள் நார்வேயில் 40 சதவீதம், ஸ்வீடனில் 31 சதவீதம். பின்லாந்தில் செய்தியை நம்புவோர் 69 சதவீதம்.

இந்த எண்களை அப்படியே எடுத்தாளும் முன் கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். கடந்த ஓராண்டில் பணம் கட்டினீர்களா, அல்லது கட்டணச் சேவையைப் பயன்படுத்தினீர்களா என்பதுதான் கேட்கப்படுகிறது. அச்சிதழோடு சேர்த்து வரும் டிஜிட்டல் சந்தா, ஒரே ஒரு முறை கட்டிய தொகை, நன்கொடை எல்லாம் இதில் அடங்கும். ஆகவே இதைச் 'சந்தாதாரர் விகிதம்' என்று எழுதினால் தவறாகிவிடும். நாட்டுக்குச் சுமார் 2,000 பேர், அதுவும் கணிப்புகளுக்குப் பதில் சொல்லப் பதிந்துகொண்ட இணையக் குழுவிலிருந்து (பேனல்) என்பதால் இணையத்தில் இல்லாத முதியவர்கள் விடுபட்டுப்போகிறார்கள்.

ஸ்வீடனில் 1979இல் தொடங்கிய மீடியாபாரோமீட்டர் என்ற ஊடகக் கணிப்பை இப்போது யோதெபொரி (கோத்தன்பர்க்) பல்கலைக்கழகத்தின் நோர்டிகோம் மையம் நடத்துகிறது. நார்வேயின் பாரோமீட்டரை 1991 முதல் அந்நாட்டுப் புள்ளியியல் துறை நடத்துகிறது. இவை ஒரு சராசரி நாளில் எந்த ஊடகம் எத்தனை பேரை எட்டியது என்று அளப்பவை. 'நேற்று பார்த்தீர்களா' என்பதையும் 'ஓராண்டில் பணம் கட்டினீர்களா' என்பதையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். நம்பிக்கைக்கு, ஸ்வீடன் வரையில், அதே பல்கலைக்கழகத்தின் சோம் நிறுவனம் 1986 முதல் ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பு மிக நல்லது. பின்லாந்துக்குத் தம்பெரேயில் உள்ள சமூக அறிவியல் தரவுக் காப்பகம்.

எண்களைத் தொடும் முன் ஓர் அட்டவணை போடுங்கள்: கேள்வி வாசகம், வயது வரம்பு, மாதிரி எடுத்த விதம், தொலைபேசியா இணையமா, ஆண்டு. இடையில் தொலைபேசியிலிருந்து இணைய வினாத்தாளுக்கு மாறியிருந்தால், அந்த ஆண்டில் தெரியும் ஏற்றஇறக்கம் மக்களின் மாற்றம் இல்லை, முறையின் மாற்றமாகவே இருக்கலாம்.

பதில் 2: அலைவரிசை

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். 'நார்டிக் மாதிரி' என்று ஐந்தையும் ஒரே கூடையில் போடுவது 2004இல் ஹாலின், மன்சினி என்ற ஆய்வாளர்கள் மேலை நாட்டு ஊடக அமைப்புகளை வகுத்த மூன்று பிரிவுகளால் பரவிய பழக்கம். முதல் வடிகட்டலுக்கு அது போதும், விளக்கத்துக்குப் போதாது. பொதுச்சேவை ஒலிபரப்புக்குப் பணம் வரும் வழியை மட்டும் பாருங்கள். பின்லாந்தில் 2013 முதல் வருமானத்தோடு ஏறும் தனி வரி, உச்சவரம்போடு. ஸ்வீடனில் 2019 முதல் தனிநபர் கட்டணம், வரியோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். நார்வே 2020இல் உரிமக் கட்டணத்தை விட்டுவிட்டு அரசு நிதிக்கு மாறியது. ஐஸ்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ரூவ் கட்டணமும் வாங்குகிறது, விளம்பரமும் விற்கிறது. தனியார் ஊடகங்களோடு அங்கே சச்சரவு வருவதே அதனால்தான். பணம் கட்டும் மனநிலையை விளக்கும் அத்தியாயத்தில் இதை விட்டால் ஆய்வு நொண்டும்.

பதில் 3: சொல்வலை

சொல் எண்ணும் யோசனை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு ஆபத்தானது. ஸ்வீடிஷில் நாளிதழ் 'டீட்னிங்'. 'அந்த நாளிதழ்' என்றால் 'டீட்னிங்கென்'. இது பின்னொட்டு, தேடலில் சொல்லின் கடைசியில் நட்சத்திரக்குறி (அங்கே எந்த எழுத்தும் வரலாம் என்ற குறி) போட்டால் அகப்படும். ஆனால் 'டாக்ஸ்டீட்னிங்' என்று முன்னால் இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டால் அகப்படாது. எனவே இரு பக்கமும் திறந்த தேடல் வேண்டும். பின்னிஷில் நம் வேற்றுமை உருபுகளைப் போல ஒட்டுகள் வருவதோடு வேரே மாறும்: மானியத்தைக் குறிக்கும் 'துகி', ஆறாம் வேற்றுமையில் 'துஎன்' ஆகிவிடும், நடுவில் இருந்த மெய் காணாமல் போகும். நட்சத்திரக்குறியால் பயனில்லை, சொல்லை வேர்வடிவத்துக்குத் திருப்பும் கருவி தேவை. நார்வேஜியனுக்கு பூக்மோல், நீநோர்ஸ்க் என்று இரண்டு எழுத்து வடிவங்கள். இரண்டுக்கும் தனிப் பட்டியல் போடுங்கள்.

இன்னொன்று, ஸ்வீடனில் டிடி, நார்வேயில் என்டிபி, டென்மார்க்கில் ரிட்சாவ் போன்ற செய்தி முகமைகளின் ஒரே செய்தி பல இதழ்களில் வரும். அதை நீக்காமல் எண்ணினால் ஒரு சம்பவம் இருபது கட்டுரையாக வீங்கும். ஐந்தைந்து சொல் துண்டுகளாக வெட்டி ஒற்றுமை பாருங்கள். எல்லைக்கோட்டில் நிற்பவற்றைக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். ரிட்ரீவர், இன்ஃபோமீடியா என்ற செய்திக் காப்பகங்களுக்குப் பல்கலைக்கழகச் சந்தா வேண்டும். ஐஸ்லாந்தின் பழைய இதழ்கள் டிமாரிட் தளத்தில் இலவசம்.

வடமீன்

நன்றி. ஸ்வீடனும் நார்வேயும் மட்டும் எடுக்கிறேன், சொல் எண்ணிக்கை வேண்டாம். சில ஆசிரியர்களை நேர்காணல் செய்தால் அனுமதி எப்படி?

பதில் 4: மாதிரிக்கணக்கு

நார்வே நிறுவனம் ஒன்றில் சேர்ந்து செய்தால், தரவு திரட்டத் தொடங்க குறைந்தது 30 நாள் முன்பே, ஆய்வுத் தரவின் தனியுரிமையைப் பார்க்கும் சிக்ட் அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். ஸ்வீடனில் அரசியல் கருத்து போன்ற நுண்ணிய தனிநபர் தகவலைத் தொடும் ஆய்வு நெறிமுறை மீளாய்வு ஆணையம் வரை போகும். முதுகலை மாணவர் பணி அந்தச் சட்டத்தில் அடங்காது என்றாலும், கேள்விகளைத் தொழில் சார்ந்தவையாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் படிக்க நோர்டிகோம் ரிவ்யூ என்ற ஆய்விதழிலிருந்து தொடங்குங்கள், எல்லாக் கட்டுரைகளும் கட்டணமின்றித் திறந்தே இருக்கின்றன.