கையால் அச்சிட்ட ஒளிப்படங்கள்: நடுவர்களாக இருந்தவர்கள் உதவுங்கோ

திருகோணமலையில் நடக்கும் போட்டிக்குப் புள்ளித்திட்டம் தயாராகிறது. வந்த படங்களில் சயனோடைப்தான் அதிகம், அதாவது தாளில் இரும்பு உப்பு பூசி வெயிலில் அச்சிடும் நீலப் படம். இன்க்ஜெட் பிரதியைப் பிடிப்பது சுலபம்: பெரிதாக்கும் லென்ஸில் பெரும்பாலும் மைப்புள்ளி தெரியும், சயனோடைப்பில் நீலம் தாளின் நாருக்குள்ளேயே ஊறியிருக்கும்.

சிக்கல் வெள்ளைப் பகுதியில்தான். மஞ்சள் தெரிந்தால் கழுவியது போதாமல் இரும்பு உப்பு தங்கியிருக்கலாம். வேண்டுமென்றே தேயிலைச் சாயத்தில் டோன் செய்தாலும் (நீலத்தின் நிறத்தை மாற்றினாலும்) தாள் நிறமேறும். நீலம் வெளிறியிருந்தால் இன்னும் குழப்பம். வெயிலில் வெளிறியது இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பும், காரத்தன்மையுள்ள தாளில் போனது திரும்பாது. உப்புப் பூசிய தாள் அச்சிட முன்னம் எங்கட கடற்காற்று ஈரத்தில் கிடந்தாலும் வெள்ளை மங்கும்.

வேண்டுமென்று செய்ததையும் பிழையையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? செய்முறைக் குறிப்பை முதல் சுற்றிலேயே நடுவருக்குக் காட்டலாமா? நுட்பத்துக்கு 100இல் 40 கூடிப்போச்சா?