ஏர்ஸ்பீடைக் ‘காற்றுவேகம்’ என்று எழுதலாமா?

மண்டபத்திலிருந்து:

ஐயா, வணக்கம்.

நீங்கள் எழுதும் விமான சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள்) கையேட்டில் ஏர்ஸ்பீடுக்கு, அதாவது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் போகும் வேகத்துக்கு, ‘காற்றுவேகம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றியே ஆக வேண்டும். எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் செய்தியில் முதலில் வருவது காற்றின் வேகம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காமல் இருந்தது. அதுவும் காற்றுவேகம்தான். புதிதாகப் பழகும் பையனிடம் “காற்றுவேகம் 140 நாட் இருக்கட்டும்” (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) என்றால், காற்றை நான் எப்படிப் பிடித்து வைப்பது என்று கேட்பான். கேட்பதில் தப்பில்லை.

சொல்லில் உள்ள இந்தக் குழப்பம், காற்று சட்டென்று மாறும்போது ஆளைக் கவிழ்த்துவிடும். எதிர்காற்று 25 நாட், கருவியில் 140 என்று வைத்துக்கொள்வோம். தரையைப் பொறுத்து விமானம் 115-ல்தான் போகிறது. திடீரென்று காற்று அடங்கினால், அத்தனை கனமான விமானம் தன் 115-ஐ உடனே கூட்டிக்கொள்ள முடியாது. கருவி முள்தான் 140-லிருந்து 115-க்கு விழும். ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 108 என்றால் கையில் மிச்சம் 7 நாட். குறைந்தது காற்றின் வேகம், ஆபத்து வந்தது ஏர்ஸ்பீடுக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதி இதை எப்படி விளக்குவது?

பாம்பன் கால்வாயில் நீரோட்டத்தை எதிர்த்து வரும் வல்லத்தைப் பாருங்கள். ஜி.பி.எஸ். 3 நாட் காட்டும், ஆனால் பலகையோரம் தண்ணீர் 6 நாட் வேகத்தில் ஓடும். சுக்கான் கேட்பது அந்த 6-க்குத்தான். இறக்கைக்கும் அப்படித்தான். ஆகவே ‘வளிசார் வேகம்’ என்கிறேன், பேச்சில் ‘சார்வேகம்’. பாடநூலிலேயே ‘சார்புத் திசைவேகம்’ இருப்பதால் பிள்ளைகளுக்குப் புதிதாக இராது.

ஐயாவின் பதில்:

தம்பி, ‘காற்றுவேக’த்தை அடித்துவிட்டேன். ‘வளிசார் வேகம்’ நிற்கும். ‘வளி’யும் காற்றுதான் என்றாலும் நடுவில் ‘சார்’ இருப்பதால் பொருள் மாறாது. ஆனால் வெறும் ‘சார்வேகம்’ எதைச் சார்ந்தது? தரையைச் சார்ந்ததும் சார்வேகம்தானே. இன்னொன்று. 35,000 அடியில் கருவி 270 காட்டும்போது, மெலிந்த காற்றினூடே விமானம் உண்மையில் 450-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அந்த இரண்டையும் பிரிக்க வேண்டும். ‘காட்டு வளிவேகம்’, ‘உண்மை வளிவேகம்’ என்று வைக்கலாமா?

கீழக்கரையிலிருந்து:

நான் விண்ட்ஷியருக்கு வருகிறேன், அதாவது காற்றின் வேகமோ திசையோ குறுகிய தூரத்தில் சட்டென்று மாறுவதற்கு. ‘காற்றுவெட்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மின்வெட்டு என்றால் கரண்ட் இல்லை. காற்றுவெட்டு என்றால் காற்றே இல்லை என்றுதான் இங்கே புரிந்துகொள்வார்கள். ‘காற்று முறிவு’ பரவாயில்லை.

ஆனால் நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். முறிவு என்பது வானத்தில் நிஜமாக நடப்பது. இடிமேகத்துக்குக் கீழே கொட்டும் காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பரவுகிறது. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று, வேகம் கூடும். விமானி எஞ்சினைக் குறைப்பார். அடுத்து கீழ்நோக்கி அழுத்தும் காற்று, அதற்கடுத்து பின்காற்று. வேகம் போய்விடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லாஸில் டெல்டா 191 என்ற பயணிகள் விமானம் இப்படிப்பட்ட காற்றில்தான் விழுந்தது.

சிமுலேட்டரில் வருவது பல நேரம் வேறு. வானிலை நிலையங்களின் தகவலை வாங்கி அது தானே காற்றை உருவாக்குகிறது. ஒரு நிலையத்தின் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் போனதும், மேற்கிலிருந்து 60 நாட் அடித்துக்கொண்டிருந்த காற்று ஒரே கணத்தில் கிழக்குக்காற்றாகிவிடும். 2006-ல் வந்த மைக்ரோசாஃப்டின் எஃப்.எஸ்.எக்ஸ். சிமுலேட்டர் இதற்குப் பேர்போனது. காற்றைப் படிப்படியாக மாற்றுவதற்கென்றே எஃப்.எஸ்.யு.ஐ.பி.சி. என்ற துணை மென்பொருளில் ஒரு வசதி வைத்தார்கள். இதற்குக் ‘காற்றுத்தாவல்’ என்று பெயர் வைப்போம்.

ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். இறங்கும்போது முறிவு வந்தால் யோசிக்காமல் முழு எஞ்சின், மூக்கைத் தூக்கு, சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் (இறக்கையின் பின்னோரத்து மடிப்பு) தொடாதே, ஆபத்து தாண்டும்வரை ஏறு. 35,000 அடியில் தாவல் வந்தால் முள்ளைத் துரத்தவே கூடாது. எஞ்சினைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலை எடுத்துவிட்டு, மூக்கின் சாய்வையும் எஞ்சினையும் இருந்தபடி வைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முள்ளைத் துரத்தி ஏற்றி இறக்கித்தான் பாதிப் பேர் விமானத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தரைக்கருகே எது வந்தாலும் முறிவு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே ஆராய்ச்சிக்கு நேரமில்லை.

ஆன்லைனில் பறப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஒரே வரிசையில் இறங்கும் இரண்டு பேரின் கணினியிலும் காற்று ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கட்டுப்பாட்டாளர் இருவருக்கும் 180 நாட் என்பார். இருவரும் கருவியில் 180 வைத்திருந்தாலும் ரேடாரில் ஒருவர் மற்றவரை நெருங்கிக்கொண்டே வருவார். உடனே அரட்டையில் சண்டை. கட்டுப்பாட்டாளர் கேட்டது கருவியில் தெரியும் வேகம், ரேடாரில் தெரிவது தரைவேகம் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மீண்டும் மண்டபம்:

ஐயா, ‘காட்டு வளிவேகம்’ என்றால் காட்டு யானைதான் ஞாபகம் வருகிறது! ‘கருவிவேகம்’, ‘மெய்வேகம்’, ‘தரைவேகம்’ என்று மூன்றும் ஒரே அளவில் இருந்தால் வாயில் நிற்கும். ‘வளிசார் வேகம்’ பொதுச்சொல்லாக இருக்கட்டும், ‘சார்வேகம்’ வேண்டாம். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன முறிவு, தாவல் இரண்டும் எனக்குச் சம்மதம்.

இறங்கும்போது குத்துக்காற்றுக்காக (விட்டுவிட்டுத் திடீரென்று வேகமாக வீசும் காற்று) முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் வேகத்துக்கும் பெயர் வைக்கவில்லை. ‘காப்புவேகம்’ சரியா? கையேட்டுக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

“நேர் எதிர்காற்று 10 நாட், குத்தும்போது 18. பெரிய ஜெட்டில் எதிர்காற்றில் பாதி 5, குத்துக்காற்றின் கூடுதல் 8, ஆகக் காப்புவேகம் 13. அடிப்படை இறங்குவேகம் 140 என்றால் கருவிவேகம் 153. தரையை நெருங்கும்போது அந்த 5-ஐ விட்டுவிடலாம், 8-ஐ விடக் கூடாது. செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தில் குத்துக்காற்றுக் கூடுதலில் பாதி, அதாவது 4 போதும்.”

ஜெட்டுக்குச் சொன்னது போயிங் வழக்கம். ஏர்பஸ்ஸில் கணினியே காற்றைப் பார்த்துக் குறிவேகத்தை ஏற்றி இறக்கும், அதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். காக்கா, நீங்கள் ஏர்பஸ்தானே ஓட்டுகிறீர்கள், அதை நீங்களே எழுதி அனுப்புங்கள்.