கலைச்சொல்: முதன்முதலில் காசு தருகிறவரை என்னவென்று அழைப்பது?

செங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

தனி ஆளாக மென்பொருள் செய்து விற்கிறவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பூட்ஸ்டிராப்' என்பதற்குக் 'கைம்முதல்' என்று போட்டுவிட்டேன். கடன் வாங்காமல், பங்கும் கொடுக்காமல், இருப்பதைப் போட்டுத் தொழில் தொடங்குவதற்குக் கடைவீதியில் ஏற்கெனவே அதுதான் பேர். விட்டுப் போகிறவர்களின் கணக்கான 'சர்ன்' என்பதற்கு 'உதிர்வு'. தானியங்கி மொழிபெயர்ப்பு ஒன்று 'கடைதல்' என்று கொடுத்தது. மோரா கடைகிறோம்?

முட்டிக்கொண்டு நிற்பது 'எர்லி பேயிங் கஸ்டமர்' என்ற இடத்தில். 'தொடக்கக்காலக் கட்டண வாடிக்கையாளர்' என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்ததும் அடித்துவிட்டேன். நீளம் மட்டும் குறையில்லை. வாடிக்கை என்றால் வழக்கமாக நடப்பது. நேற்றுத்தான் முதல் தடவையாகக் காசு கொடுத்தவர் எப்படி அதற்குள் வாடிக்கையாளர் ஆவார்? பயனர் என்றால் காசு கொடுக்காதவரும் பயனர்தான். நுகர்வோர் என்று எழுதினால் குறைதீர் ஆணையம் ஞாபகத்துக்கு வருகிறது.

என் முன்மொழிவு: போணியாளர். போணி என்றால் கடையில் அன்றைய முதல் வியாபாரம். காரணத்தைக் கதையாகத்தான் சொல்ல முடியும்.

என் மென்பொருள் காய்கறிக் கமிஷன் மண்டிகளுக்கானது. விவசாயிக்கு எடைச்சீட்டு, கமிஷனும் இறக்குக்கூலியும் கழித்த கணக்கு, வாங்கிப்போகும் வியாபாரிக்கு மலையாளத்தில் பில். பாவூர்சத்திரம் சந்தைக் காய் புளியரை தாண்டி, ஆரியங்காவு ஏறி, புனலூர், கொல்லம் என்று போவதால் இரண்டு மொழியிலும் தாள் வேண்டும். முதல் ஆறு மாதம் ஒன்பது மண்டிக்குச் சும்மா கொடுத்தேன். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. அருமையாக ஓடுகிறது என்று இருந்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தால் ஒருவரும் திறக்கவே இல்லை. பழைய நோட்டுப் புத்தகமும் காதில் செருகிய பேனாவும்தான்.

பத்தாவது மண்டி அண்ணாச்சியிடம் அதே பாட்டைத் தொடங்கினேன். மூன்று மாதம் சும்மா ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பார்க்கலாம் என்றேன். "சும்மா குடுக்கிற சாமான்ல பிழை இருந்தா நான் யார்ட்ட போய்ச் சத்தம் போட? வெலையச் சொல்லும்" என்றார். வருஷத்துக்கு எட்டாயிரம் என்றேன். "போணிக்கு ஐயாயிரம்" என்று கல்லாவைத் திறந்தார். ஜிபே பண்ணிவிடுங்களேன் என்றதற்கு, "போணிக் காசு கையில குடுக்கணும்வே" என்று பத்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எண்ணி நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கணினி படித்தவன் இப்படிச் செய்வானா என்று கேட்காதீர்கள், கை தானாகப் போனது.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்குப் போன். "என்னவே இது, சாக்கு எடை கழியவே இல்ல?"

ஒன்பது மண்டியும் ஆறு மாதம் சொல்லாத பிழை. மூட்டைக்கு மூட்டை சாக்கு எடையைக் கழிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு போய், தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்து, ஏலம் முடிவதற்குள் திருத்திக் கொடுத்தேன். அவர் வழியாக மூன்று மண்டி வந்தது.

இந்த ஆளுக்கு ஒரு பேர் வேண்டும். போணியில் கடைக்காரர் விலையை இறக்குவார். கடன் மட்டும் தரமாட்டார். "போணி நேரத்துல கடன் சொல்லாதீங்க" என்பது நம் எல்லார் காதிலும் விழுந்த வார்த்தை. குறைத்து விற்கலாம், சும்மா கொடுக்கக்கூடாது. நான் ஆறு மாதம் வீணாக்கிக் கற்றுக்கொண்ட விதி அந்த ஒரு சொல்லுக்குள் முன்பே இருந்திருக்கிறது. ஆங்கிலத்தின் மூன்று சொல்லில் அது இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

தம்பிக்கு வணக்கம். கதை நன்று. சொல்லில் எனக்கு மூன்று தடைகள்.

தெலுங்கிலும் போணி உண்டு, இந்தியில் 'போஹனி'. கலைச்சொல் ஆக்கும்போது வேர் நம்முடையதாக இருந்தால் அதிலிருந்து இன்னும் பத்துச் சொல் கிளைக்கும். அடுத்து, நெல்லை, மதுரைப் பக்கம் போணி என்றால் ஏனம். போணியாளர் என்றதும் பாத்திரக்கடைக்காரர் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. மூன்றாவது, விகுதி. 'ஆளர்' என்பது ஒன்றை உடையவரைக் குறிக்கும். போணியை உடையவர் கடைக்காரரா, வாங்க வந்தவரா?

'முதற்கொள்வோர்' என்று வைத்துப் பாருங்கள். கொள்வோர் என்றால் வாங்குகிறவர். ஈழத்தமிழில் 'கொள்வனவு' இன்றைக்கும் நாள்தோறும் புழங்குகிறது.

ஏற்பதாயின் 'போணி' என்று டண்ணகரம் போட்டே எழுதுங்கள். பலர் றன்னகரத்தில் எழுதுகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். முதற்கொள்வோர் வினாத்தாளில் இருந்து எழுந்து வந்தது மாதிரி இருக்கிறது, ஐயா மன்னிக்கணும்.

எங்கள் சித்தூர் தாலுகாவில் ஒரே கடையில் தமிழும் மலையாளமும் புழங்கும். நாளின் முதல் வியாபாரத்துக்கு மலையாளத்தில் 'கைநீட்டம்' என்பார்கள். விஷுவன்று பெரியவர்கள் சின்னவர்கள் கையில் வைக்கும் காசுக்கும் அதே பேர். இரண்டு பகுதியும் சுத்தமான நம் சொல்: கை, நீட்டம். வேர் வேண்டும் என்ற ஐயாவின் கவலையும் தீர்ந்தது. எல்லையின் இரண்டு பக்கமும் விற்கிற தம்பிக்கு இரண்டு பக்கமும் புரிகிற சொல் லாபம்தானே?

செங்கோட்டையிலிருந்து:

அக்கா, சொல் அழகு. ஆனால் எங்கள் ஊரில் "கை நீட்டிட்டான்" என்றால் அடித்துவிட்டான். "கை நீட்டி வாங்கினான்" என்றால் லஞ்சம். "யார்ட்டயும் போய்க் கை நீட்டமாட்டேன்" என்றால் பிச்சை. முதல் வாடிக்கையைத் தேடி அலைகிற தொழிலுக்கு இந்த மூன்றும் கொஞ்சம் கிட்டத்தில் வருவதால்தான் பயப்படுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சிரித்துவிட்டேன். இங்கே நீளுகிற கை கொடுக்கிறவருடையது. அங்கே வாங்குகிறவருடையது. மலையைத் தாண்டினால் கை திரும்பிக்கொள்கிறது போல.

மார்த்தாண்டத்திலிருந்து:

ஒரு திருத்தம் மட்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் எங்கள் விளவங்கோடும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. சித்திரை விஷுவுக்கு எங்கள் வீட்டில் இன்றும் கைநீட்டம் உண்டு. ஆகவே செங்கோட்டைத் தம்பி அந்தச் சொல்லை அயலார் வீட்டுச் சொல்லாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் விஷுக் கைநீட்டம் கொடை. திரும்ப எதையும் எதிர்பார்க்காதது. காசு கொடுத்தவர் விடிகாலை நாலு மணிக்கு எழுப்பிச் சண்டை போடும் உறவுக்கு அது பொருந்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கம்பத்திலிருந்து:

வணக்கம். நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. இந்தத் தடவை எழுத வேண்டியதாகிவிட்டது.

நானும் தனி ஆள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஆள்கணக்கு, சம்பளக் கணக்கு எழுதுகிற செயலி என்னுடையது. வண்டன்மேட்டில் ஒரு தோட்டம் முதலில் வாங்கியது. அதற்கு நான் செய்தது பெரிய விளம்பரமெல்லாம் இல்லை. இரண்டு வாரம் விடியற்காலை ஐந்து மணி ஜீப்பில் அவர்களோடு ஏறிப் போனேன். தோட்டத்துக் கணக்கர் சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கூலிக் கணக்குக் கூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது சனிக்கிழமை அந்தக் கணக்கை என் போனில் கூட்டிக் காட்டினேன். அவரே முதலாளியிடம் பேசிவிட்டார். மலையில் சிக்னல் இல்லாமலும் ஓட வேண்டும் என்பதும் ஜீப்பில்தான் தெரிந்தது.

என் சந்தேகம் இது: ஒரு நாளைக்குப் போணி ஒன்றுதான். எனக்கு இப்போது பதினொரு தோட்டம். தொழிலில் 'எர்லி கஸ்டமர்' என்றால் முதல் பத்து இருபது பேரைச் சொல்கிறோம். பத்துப் பேரும் எப்படிப் போணி ஆக முடியும் அண்ணே? இரண்டாவது ஆள் வந்ததும் போணி முடிந்ததல்லவா?

இன்னொன்று, சொல்லோடு சேராதது. குமுளியில் ஒருவர் "எல்லை தாண்டி விற்கிறாய், ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் எப்படி பில் போடுவாய்?" என்று மடக்கினார். பொருள் விற்றால்தான் வெளிமாநிலத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். நம்முடையது சேவை, ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை வெளிமாநிலத்துக்கும் விலக்கு உண்டு, 2017 அக்டோபர் அறிவிப்பின்படி. கையேட்டில் சேருங்கள். இது தெரியாமல் ஒரு மாதம் கேரளப் பக்கமே போகாமல் இருந்தேன்.

செங்கோட்டையிலிருந்து:

தம்பி, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது. இரண்டு நாள் யோசித்தேன்.

போணி நாளுக்கு ஒன்றுதான், சரி. ஆனால் கடையும் சந்தையும் மாறினால் போணியும் புதிது. பாவூர்சத்திரத்தில் வியாபாரம் முடித்த அதே ஆள் மறுநாள் வேறு ஊர்ச் சந்தையில் துண்டை விரித்தால் அங்கே மறுபடி போணிக்குத்தான் காத்திருக்கிறார். பழைய ஊர்ப் பெருமை அங்கே செல்லாது. பாவூர்சத்திரத்தில் நாலு மண்டி ஆன பிறகு புனலூர் போனேன். "தமிழ்நாட்டுல எத்தனை பேர் வெச்சிருந்தா எனக்கென்ன, இங்க யார் வெச்சிருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே முதலில் வாங்கியவரும் எனக்குப் போணிதான். உங்கள் வண்டன்மேட்டுத் தோட்டம் ஏலக்காய்க்குப் போணி. நாளை நீங்கள் தேயிலைக்குப் போனால் அங்கே ஏலக்காய்ப் பதினொன்றும் கணக்கில் வராது. ஆகவே முதல் பத்துப் பேர் என்று தலையை எண்ணுவதை விடலாம் என்று படுகிறது. எந்த வாசலை யார் திறந்தார் என்பதுதான் கணக்கு.

அப்படியானால் உங்கள் இரண்டாவது, மூன்றாவது தோட்டம்? அவர்கள் வெறுமே 'வாங்கியவர்'. அதற்குத் தனிச் சொல் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். இவர்களில் யாராக இருந்தாலும், போணியாளர் உட்பட, இரண்டாம் தடவை காசு கட்டும்போதுதான் வாடிக்கையாளர். புதுப்பித்தல்தான் வாடிக்கை. இதை எழுதும்போதுதான் எனக்கே பிடிபட்டது. போன வருஷம் என் கணக்குத்தாளில் 'வாடிக்கையாளர் 14' என்று போட்டு மகிழ்ந்திருந்தேன். சொல்லை ஒழுங்காக வைத்துப் பார்த்தால் வாடிக்கையாளர் 5. மிச்சம் ஒன்பது பேரும் இன்னும் ஒரு தடவைதான் கட்டியிருக்கிறார்கள்.

ஐயாவின் விகுதித் தடைக்கு: கடைக்காரர் "இன்னும் போணி ஆகல" என்பார், வந்தவரைப் பார்த்து "நீங்கதான் போணி பண்ணணும்" என்பார். கடைக்காரருக்கு ஆவது, வாங்குகிறவர் பண்ணுவது. வினை வாங்குகிறவர் கையில் இருப்பதால் 'ஆளர்' அவருக்கே போகட்டும். ஏனம் பற்றிய தடைக்கு என்னிடம் பதில் இல்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

விலை பற்றி இன்னொரு எடுத்துக்காட்டு. பின்போர்டு என்ற புத்தகக்குறி தளம் (பிடித்த இணையப் பக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும் இடம்), 2009இல் வந்தது, நடத்தியது ஒரே ஆள். சேர்கிறவர் எண்ணிக்கை கூடக் கூடச் சேர்க்கைக் கட்டணமும் துளித்துளியாக ஏறும்படி வைத்திருந்தார். முந்தி வந்தவருக்கு மலிவு. போணிக்கு விலை இறக்குகிற நம்மூர் வழக்கத்தைச் சூத்திரமாக எழுதியது போல இருக்கும்.

வரையறை இப்படி: 'போணியாளர் – ஒரு மென்பொருளை ஓர் ஊரிலோ ஒரு தொழிலிலோ முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியவர். போணி விலை: அவருக்கு முதல் தடவைக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கும் விலை.'

மார்த்தாண்டத்திலிருந்து:

வேர் பற்றிய என் தடை அப்படியே நிற்கிறது. எழுதி வையுங்கள். ஆனால் மாற்றுச் சொல்லை முன்வைத்தவன் அதற்கு ஒரு விடிகாலைச் சண்டையையாவது காட்டியிருக்க வேண்டும். முதற்கொள்வோரைத் திரும்பப் பெறுகிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மலையாளப் பதிப்பு வந்தால் கைநீட்டம். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கம்பத்திலிருந்து:

எனக்குச் சம்மதம் அண்ணே. என் தாளையும் எடுத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர் 4. வயிற்றைக் கலக்குகிறது. இந்த வாரம் புதுத் தோட்டம் தேடிப் போகாமல் பழைய ஏழு பேரையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

செங்கோட்டையிலிருந்து:

கையேட்டில் ஏற்றிவிட்டேன். இன்று சந்தைக்குப் போயிருந்தபோது மண்டி அண்ணாச்சியிடமும் சொன்னேன். உங்களை வைத்துத்தான் இந்தச் சொல் என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்போ வார வருஷமும் ஐயாயிரந்தானே?" என்றார். வரையறையை வாசித்துக் காட்டினேன்: போணி விலை முதல் தடவைக்கு மட்டும், இரண்டாம் தடவையிலிருந்து வாடிக்கை, எட்டாயிரம்.

"அப்படின்னா அந்தச் சொல்லு சரியில்ல, வேற பாரும்" என்றார்.