ஸ்ட்ரிப் செய்த நிரல், கோர் கோப்பு முழுக்கக் கேள்விக்குறிகள்

கேள்வி:
வாடிக்கையாளர் இடத்தில் எங்கள் சி நிரல் நேற்றிரவு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு) விழுந்தது. விழுந்த நொடியின் நினைவக நகலான கோர் கோப்பை ஜிடிபி டீபக்கரில் திறந்து பேக்ட்ரேஸ் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) கேட்டால், 11 வரிகளிலும் முகவரிக்குப் பக்கத்தில் இரட்டைக் கேள்விக்குறிதான். அனுப்பும் முன் ஸ்ட்ரிப் செய்து, அதாவது செயற்கூறுகளின் பெயர் போன்ற குறியீடுகளை நீக்கி விட்ட புண்ணியவான் நானே. அதே மூலநிரலை -ஜி (டீபக் தகவல்) சேர்த்து, -ஓ0 (மேம்படுத்தல் இல்லை) கொடுத்து மறுபடி கம்பைல் செய்தேன். அது காட்டும் வரியில் ஒரு மூடும் அடைப்புக்குறி மட்டுமே இருக்கிறது!

பதில் 1:
-ஓ0 தான் கெடுத்தது. முகவரிகள் எல்லாம் இடம் மாறியிருக்கும். அனுப்பியது -ஓ2 (மேம்படுத்தலோடு) என்றால் அதே -ஓ2, அதே ஜிசிசி கம்பைலர் பதிப்பு, கூடவே -ஜி கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். ஜிசிசியில் -ஜி இயந்திரக் கட்டளைகளை மாற்றாது, முகவரிகள் பொருந்தும்.

பதில் 2:
அதுவரை சும்மா இருக்க வேண்டாம். விழுந்த இடத்து இயந்திரக் கட்டளையை ஜிடிபியில் 'எக்ஸ்/ஐ' கொடுத்துப் பாருங்கள். எந்த ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வழியாக நினைவகத்தைத் தொடுகிறது?

கேள்வி கேட்டவர்:
ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டர் கூட்டல் 0x18 (அதாவது 24). ஆர்ஏஎக்ஸ் சுழியம்.

பதில் 2:
அப்படியானால் பெரும்பாலும் நல் சுட்டி, அதாவது எதையும் காட்டாத சுழியச் சுட்டி. உங்கள் ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளித் தொடங்கும் உறுப்பு எது?

கேள்வி கேட்டவர்:
இணைப்பு ஸ்ட்ரக்டின் இடையகச் சுட்டி. -ஓ2, -ஜி கொடுத்துக் கம்பைல் செய்ததும் ஜிடிபி அந்த உறுப்பை எடுக்கும் வரியைத்தான் காட்டுகிறது. இணைப்பை மூடியதும் அந்த ஸ்ட்ரக்டைக் காட்டும் சுட்டியை நல் ஆக்குகிறோம். டைமர் அது நல்லா என்று பார்க்காமலே அதன் வழியாக உறுப்பை எடுக்கிறது.

பதில் 1:
அடுத்த முறை ஸ்ட்ரிப் செய்யும் முன் ஆப்ஜ்காப்பி என்ற கருவியின் 'ஒன்லி-கீப்-டீபக்' மூலம் குறியீடுகளைத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள்.