இதுதான் இசை என்று உங்களை நம்ப வைத்தது எது? – அனுபவப் பகிர்வு

பாட்டு மாணவி

இசை என்றால் என்ன, அது எதற்கு என்று பேச்சு வந்தால் எல்லோரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கிறது. அந்தக் கருத்து எதைக் கேட்டபோது வந்தது என்றுதான் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் வேண்டும். என்ன நடந்தது, எதைக் கேட்டீர்கள், அன்றிலிருந்து எதை நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

வகுப்பில் டீச்சர் பாட விடுவதற்கு முன் தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொல்வார். பஞ்சமம் (ப), நடுவில் இரண்டு சாரணி (நடு ஸ்தாயி ஸ), கடைசியில் மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி ஸ) என்று நான்கு தந்திகள். பிருடை என்ற முறுக்காணியைத் திருகிச் சேர்த்த பிறகு, தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை விரல் நுனியால் மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். சரியான இடம் வந்ததும், அதுவரை மந்தமாக இருந்த தந்தி ரீங்காரமிடத் தொடங்கும். ஒரு நாள், "காந்தாரம் கேட்கிறதா?" என்றார். காந்தாரம் என்பது ஸ ரி க ம வரிசையில் வரும் க. எந்தத் தந்தியையும் நாங்கள் காந்தாரத்துக்குச் சேர்க்கவில்லையே, எப்படிக் கேட்கும்? "தேடாதே. மந்தரத்தை மீட்டிவிட்டு, அது அடங்குகிற வரைக்கும் கூடவே போ" என்றார்.

ரொம்ப நாள் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மாலை, மந்தரம் அடங்குகிற நேரத்தில், அதற்கு வெகு மேலே, மிக மெலிதாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் அந்தரக் காந்தாரம் (காந்தாரத்தின் உயர்ந்த வகை) ஒலித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காரணம் இயற்பியல்தான். ஒரு தந்தி தன் அடிப்படை அதிர்வெண்ணோடு நிற்பதில்லை. அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. ஐந்தாவது மடங்கு போய் விழுகிற இடம் அந்தரக் காந்தாரம். சுருதி சுத்தமாக இருந்து ஜீவாவும் சரியாக உட்கார்ந்தால் அது தானே மேலெழுந்து வரும்.

இப்போது நன்றாகச் சேர்ந்த எந்தத் தம்புராவைக் கேட்டாலும் எனக்கு அது கேட்கிறது, கேட்காமல் இருக்க முடியவில்லை. டீச்சருக்குக் கேட்ட அதே ஒலி அதே அறையில் என் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதனால் நான் நம்புவது இதுதான்: ஒலி எங்கும் இருக்கிறது, அது இசையாவது கேட்பவரிடம்.

ஒலித்தொகுப்பாளர்

இதைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நேர்காணல் ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரு வயதான பெண்மணியின் பேச்சில் ஒரு வரிக்குப் பின்னால் மின்விசிறி இரைச்சல். அந்தச் சில சொற்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டு இரைச்சலின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹெட்ஃபோனில் யாரோ பாடுவது கேட்டது. வேறு ஏதாவது கோப்பு திறந்து ஓடுகிறதா என்று பார்த்தேன். இல்லை, அதே வரிதான். திரையில் அதே அலைவடிவம். வேகத்தையோ சுருதியையோ நான் தொடவே இல்லை. ஆனால் அந்தப் பெண்மணி பாடிக்கொண்டிருந்தார்.

அதைவிட வியப்பு அடுத்து வந்தது. பதிவை முதலிலிருந்து ஓட விட்டேன். சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தவர், அந்த வரி வந்ததும் பாடினார், மறுபடி பேச்சுக்குத் திரும்பினார். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறது. டயானா டாய்ச் என்ற உளவியல் ஆய்வாளருக்கும் 1995-ல் தன் சொந்தக் குரல்பதிவைத் தொகுக்கும்போது இதேதான் நடந்தது. பேச்சு பாட்டாக மாறும் மாயை என்று அதை அவர் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்.

எனக்கு அது மாயையாகப் படவில்லை. பேச்சில் பொருள் பிடிபட்டதும் ஒலியை விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அடுத்த சொல் வந்துகொண்டிருக்கிறது. அதே வரி திரும்ப வரும்போது பொருள் ஏற்கெனவே கையில் இருப்பதால், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கேட்க நேரம் கிடைக்கிறது. பல்லவிக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள், ஒரே வரிக்கு ஏன் அத்தனை சங்கதி (மெட்டு மாற்றங்கள்) போடுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்தப் பெண்மணி அந்த வரியில் தன் அண்ணன் இறந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டாகக் கேட்ட பிறகுதான் கடைசிச் சொல்லில் அவர் குரல் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்று கவனித்தேன். இரைச்சலோடு சேர்ந்தே இருந்தாலும் பரவாயில்லை என்று அந்தச் சொல்லில் கை வைக்காமல் விட்டுவிட்டேன்.

1997-ல் உளவியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் இசையைச் 'செவிக்கான சீஸ்கேக்' என்று எழுதினார். மற்ற வேலைகளுக்காக நமக்குள் உருவான திறன்களைச் சுகமாக வருடிக்கொடுக்கும் இனிப்பு, அது இல்லாமல் போனாலும் நம் வாழ்க்கைமுறை பெரிதாக மாறாது என்பது அவர் வாதம். என்னால் ஏற்கவே முடியாது. மனிதர் சொன்னதற்கு அடியில் என்ன சொன்னார் என்று கேட்க நமக்கு இருக்கும் வழி இசை.

ஒரு தந்தை

இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். இசை எனக்குள் எதையும் செய்வதில்லை. காது நன்றாகக் கேட்கிறது. சுருதி விலகினால் தெரிகிறது. சோகப் பாட்டு எது, குதூகலமானது எது என்று சரியாகச் சொல்லிவிடுவேன். ஆனால் சிலிர்ப்பு, கண்ணீர், திரும்பக் கேட்க வேண்டும் என்ற ஆசை, இவை வந்ததே இல்லை. 2014-ல் பார்சிலோனா ஆய்வாளர்கள் என்னைப் போன்றவர்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பணம் ஜெயிக்கும் விளையாட்டில் மற்றவர்களைப் போலவே பரவசப்படுகிறவர்கள், இசைக்கு மட்டும் அசையவில்லை. தோலின் மின்கடத்தல், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் அளந்து பார்த்தே சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆகவே, மேலே எழுதிய இருவருக்கும் சொல்கிறேன்: நானும் கவனித்துத்தான் கேட்டிருக்கிறேன். கவனம் மட்டும் போதவில்லை.

ஆனாலும் இசை தேவையில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இரவில் தூங்க வைத்தது நான்தான். தாலாட்டின் சொற்களைப் பேச்சாகச் சொன்னால் அழுகை நிற்காது. அதே சொற்களை இழுத்து, ஒரே சீராகப் பாடினால் சட்டையைப் பிடித்திருக்கும் விரல்கள் ஒவ்வொன்றாக விடும். நான் நிறுத்தினால் மறுபடி இறுகும். ஹங்கேரியில் தூங்கும் பச்சிளங்குழந்தைகளுக்குத் தாளத்தைப் போட்டுக் காட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். முக்கியமான அடி விடுபட்ட இடத்தில் அந்த மூளைகள் திடுக்கிட்டன. அது 2009-ல் வெளிவந்த ஆய்வு. பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன குழந்தை அடுத்த அடியை எதிர்பார்க்கிறது!

எனக்குள் நிகழாத ஒன்று என் வாய் வழியாகப் போய் அவளுக்குள் நிகழ்ந்தது. நான் மதிப்பதற்கு அது போதும். இப்போது அவள் பாடுகிறாள். கச்சேரிக்கு நான் தவறாமல் போகிறேன்.

தாள ஆசிரியர்

தந்தை எழுதியதைப் பலமுறை படித்தேன். நான் காது கேளாத பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தருகிறேன். பாட்டு மாணவி சொன்ன 'கேட்பவர்' என்பதிலிருந்து இவர்களிடம் ஆரம்பிக்கவே முடியாது. தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) அதிர்வு இடுப்புக்கும் காலுக்கும் போகிறது என்றும், வலந்தலையில் (வலப்பக்கம்) 'நம்' என்ற சொல் விழுந்தால் விரலிலும் தாடையிலும் தெரிகிறது என்றும் ஒரு மாணவி தொட்டுக் காட்டினாள். ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனி 12 வயதிலேயே செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர், உலகம் அறிந்த தாளக் கலைஞர். அவரும் தாழ்ந்த ஒலிகளைக் காலிலும் உயர்ந்த ஒலிகளை முகத்திலும் கழுத்திலும் உணர்வதாகச் சொல்லியிருக்கிறார், வெறுங்காலோடு வாசிக்கிறவர்.

என்னை நம்ப வைத்தது ஒரு கோர்வை, அதாவது கணக்குப் போட்டு வாசித்து முடிக்கும் ஒரு தாளக் கோவை. இரண்டு பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நடுவில் தடுமாறி நின்றாள். மற்றவன் தன் கணக்கை முடித்து ஓடிவிடவில்லை, ஆதி தாளத்தை வெறுமனே போட்டுக்கொண்டு காத்திருந்தான். அவள் சேர்ந்துகொண்டாள். இருவரும் சமத்தில் (தாளச் சுற்று தொடங்கும் அடியில்) ஒன்றாக வந்து விழுந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. ஒருவருக்கொருவர் காத்திருக்க முடிகிற இடம்தான் எனக்கு இசை.

ஒரு தந்தை

ஒரு சந்தேகம், ஆசிரியரே. சமத்துக்கு வரும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களா?

தாள ஆசிரியர்

முதலில் பார்ப்பார்கள். பழகிய பிறகு கண்ணை மூடச் சொல்வேன். மரத்தரை என்றால் பிரச்சினை இல்லை. சிமெண்டுத் தரையில் அதிர்வு அவ்வளவாகத் தெரியாது. அப்போது ஒரு பெரிய பலகையைக் கீழே முட்டுக்கொடுத்துப் போட்டு, இருவரையும் அதன்மேல் உட்கார வைப்பேன். மிருதங்கத்துக்கு அடியில் துணி வைக்காமல் நேராகப் பலகையில் வைக்க வேண்டும். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நீங்களும் அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள்.