செந்நிறக்கீழா, அகச்சிவப்பா? தொலையுணர்வுக் கைந்நூலுக்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரப் புவியியல் கற்பித்து வருகிறேன். செய்மதிப் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வு பற்றிய சிறு கைந்நூல் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு சொல்லில் வந்து முட்டி நிற்கிறேன். கட்புலனாகும் சிவப்பு முடிவடையும் ஏறத்தாழ 700 நனோமீற்றருக்கு அப்பால் தொடங்கும் கதிரை (infrared) நாங்கள் வகுப்பில் செந்நிறக்கீழ்க் கதிர் என்கிறோம். மாணவர் இணையத்தில் தேடினால் தமிழகத்து வழக்கான அகச்சிவப்பே முதலில் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சென்ற தவணையில் முத்துராஜவெலச் சதுப்பு நிலமும் கொழும்பு நகரமும் தெரியும் லான்ட்சற் செய்மதிப் படம் ஒன்றை வகுப்பில் காட்டினேன். இத்தகைய பொய்நிறப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிருக்குச் சிவப்பையும், சிவப்புக்குப் பச்சையையும், பச்சைக்கு நீலத்தையும் கொடுப்பார்கள்; ஆகையால் தாவரம் செக்கச்செவேலென்றும் கட்டடப் பரப்பு நீலச் சாம்பலாகவும் தோன்றும். இலை ஏன் சிவப்பாகத் தெரிகிறது என்ற வினாவுக்குக் கெட்டிக்கார மாணவி ஒருத்தி, இலையின் உள்ளே மறைந்திருக்கும் சிவப்பைச் செய்மதி காண்பதால்தான் அதற்கு அகச்சிவப்பு என்று பெயர் என விடை எழுதியிருந்தாள். அந்தச் சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. இலையின் பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உட்கலங்களின் அமைப்பு அதற்கு அப்பாலுள்ள கதிரைப் பெருமளவு தெறிக்கச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டுதான் பயிரின் செழிப்பையே கணிக்கிறோம். இதை மறைக்காத சொல் எது என்று அன்பர்கள் கூற வேண்டும்.

– புவியியல் ஆசிரியை, கொழும்பு

ஆசிரியை அவர்களுக்கு,

செந்நிறக்கீழ் என்பதே பொருத்தம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் அரியத்தினூடாகப் பிரிந்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு வெளியே, நிறமே இல்லாத இடத்தில் வெப்பம் கூடுதலாக இருக்கக் கண்டார். அந்தக் கதிரின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை, சிவப்பின் மீடிறனைவிடக் குறைவு. ஆகவே அது சிவப்புக்குக் கீழ். பௌதிகவியலில் இதைவிட நேரான பெயர் கிடையாது.

கீழ் என்ற சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது தாழ்வையும் குறிக்கும், கிழக்கையும் குறிக்கும். மேல் என்பது உயர்வையும் மேற்கையும் குறிக்கும். மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள தமிழகத்து நிலச் சரிவை ஒட்டி இப்பொருள்கள் பிறந்தன என்பர். கொழும்பில் இருக்கும் நமக்கோ மலை கிழக்கே, கடல் மேற்கே. இருந்தும் காலிமுகத்தைத் தன்னகத்தே கொண்ட மாகாணத்தை மேல் மாகாணம் என்றே வழங்குகிறோம். சொல் பிறந்த நிலம் மாறினாலும் சொல் நிலைக்கிறது. கீழ்வானம் சிவப்பதைக் காணும் தமிழ் மாணவருக்குச் செந்நிறமும் கீழும் சேர்ந்து நிற்பது அந்நியமாக இராது.

– ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், தெஹிவளை

ஐயா, கீழ்வானத்தின் அழகை மறுக்கவில்லை. ஆனால் மாணவர் கையில் இருக்கும் அட்டவணை மீடிறனில் இல்லை, அலைநீளத்தில் இருக்கிறது; மீடிறன் குறைய அலைநீளம் கூடும். சென்ரினல்-2 செய்மதி பதியும் அலைநீளப் பட்டைகளில் சிவப்புப் பட்டை 665 நனோமீற்றர், அடுத்துப் பயன்படும் பட்டை 842. எண் ஏறுகிறது, சொல் இறங்குகிறது. இது குழப்பம் தராதா?

அகம், புறம் என்ற பாகுபாடு நம் இலக்கணத்தின் உயிர். அதை ஆள்வதானால் ஒழுங்காக ஆள வேண்டும். கட்புலனாகும் ஒளி அகம் என்றால் ஊதாவுக்கு வெளியே உள்ளதும் புறம், சிவப்புக்கு வெளியே உள்ளதும் புறம். புற ஊதா என்று சொன்ன வாய் புறச்சிவப்பு என்றே சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில், அலைநீள வரிசையில் அமைந்த கதிர்த் தொகுதிக்கு (spectrum) நாம் வழங்கும் திருசியம் என்ற வடசொல்லையும் கைவிடுமாறு வேண்டுகிறேன். காணப்படுவது என்பது அதன் பொருள்; காண முடியாத கதிர்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? அதே பொருளில் தமிழகத்தார் வழங்கும் நிறமாலையும் அப்படித்தான். பருவமழை முகிலை ஊடுருவிக் கீழே பார்க்கும் சென்ரினல்-1 என்னும் ராடர்ச் செய்மதியின் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர், அதற்கு ஏது நிறம்? அலைமாலை என்பதே தூய்மையும் பொருளும் உடையது.

– மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

அன்பர்களுக்கு,

திருசியத்தை இப்போது தொட வேண்டாம். வினாத்தாளில் அந்தச் சொல்லைக் காணப்போகும் பிள்ளையிடம் அலைமாலையைக் கொடுப்பது நியாயமாகாது. புறச்சிவப்பின் தருக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் அகச்சிவப்பையும் புறச்சிவப்பையும் ஒரே கிழமையில் படிக்கும் மாணவர் அவற்றை இரு வேறு கதிர்கள் என்றே கொள்வார். புற ஊதாவுக்கு ஊதாகடந்த கதிர் என்று நம்மிடம் நல்ல சொல் இருப்பதால் அதன் இணையாகச் செம்மைகடந்த கதிர் என்று எழுதிப் பார்த்தேன். செம்மைக்கு நேர்மை என்ற பொருளும் உண்டாகையால் வேறேதோ தொனிக்கிறது. செந்நிறங்கடந்த கதிர் என்பதில் அக்குறை இல்லை; எண் ஏறினாலும் இறங்கினாலும் கடத்தல் கடத்தலே.

– புவியியல் ஆசிரியை

ஆசிரியை அவர்களே, 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையுள்ள வெப்பக் கதிர் சிவப்பிலிருந்து பத்து மடங்குக்கும் அப்பால் இருக்கிறது. சூடேறிய தார்வீதி தானே உமிழும் அதைச் செந்நிறத்தைச் சற்றே கடந்தது போலப் பெயரிடுவதே எனக்கு இடறுகிறது. கீழ் என்றால் எவ்வளவு ஆழமும் அடங்கும்.

– தெஹிவளை

அன்பர்களுக்கு,

இதுவரை மடல் எழுதிய ஒன்பது பேரில் ஆறு பேர் செந்நிறக்கீழுக்கு இசைந்துள்ளனர். அவர்களுள் மூவர் பரீட்சையை முன்னிட்டே இசைந்ததாகக் குறிப்பிட்டுள்ளனர். நூலில் அதையே இட்டு, அகச்சிவப்பு என்பதும் இதுவே, இலையின் உட்சிவப்பைக் குறிப்பதன்று என்று முதற் பக்கத்தில் எழுதிவிட்டேன். செந்நிறங்கடந்த என்ற சொல்லை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லிப் பார்ப்பேன். வெள்ளவத்தை அன்பர் தம் மறுப்பைப் பதிவு செய்யுமாறு கேட்டுள்ளார், பதிவு செய்கிறேன். 842 நனோமீற்றர்ப் பட்டைக்கு அண்மைச் செந்நிறக்கீழ் என்று இட்டிருக்கிறேன். எதற்கு அண்மை என்று மாணவர் கேட்பர். அதற்கு நல்ல முன்னொட்டு இருப்பின் நாளை மாலைக்குள் எழுதவும்.

– புவியியல் ஆசிரியை, கொழும்பு