பிடிபிடிஎன் கல்விக் கடன் விண்ணப்பத்தில் என் கோர்ஸ் பெயர் வரவில்லை, வெள்ளிக்கிழமை கடைசி நாள், உதவுங்கள்

பகாவ்_பிள்ளை:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், அவசரம். பிடிபிடிஎன் விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், கோர்ஸ் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் என் கோர்ஸ் பெயர் வரவே மாட்டேன் என்கிறது. போனில் பார்த்தேன், பக்கத்து வீட்டு அக்கா லேப்டாப்பிலும் பார்த்தேன், அதே கதைதான். வெள்ளிக்கிழமைக்குள் பதிவுக் கட்டணம் 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டாவிட்டால் கல்லூரியில் இடம் போய்விடுமாம். லோன் வருமா வராதா என்றே தெரியாமல் அப்பாவிடம் எப்படிப் பணம் கேட்பது? அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், இந்த மாதம் மழையில் பாதி நாள் வேலை இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்பனைக்காட்டான்:
தம்பி, எந்தக் கல்லூரி, என்ன கோர்ஸ், ஐந்தாம் படிவ எஸ்பிஎம்மா ஆறாம் படிவ எஸ்டிபிஎம்மா, அரசாங்க இடங்களுக்கான யூபியூவில் கிடைத்த இடமா தனியாரா? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே. 500 வெள்ளி யார் கணக்கில் போடச் சொல்கிறார்கள்?

ராத்திரி_ஷிப்ட்:
சர்வர் பிரச்சினைதான், வேறொன்றும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் பட்டியல் பாதிதான் இறங்கும். பிரவுசர் கேஷை அழித்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் பார். என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆனது, மூன்று மணிக்குப் போனான், வந்துவிட்டது.

எஸ்எஸ்பிஎன்_ராஜா:
பிடிபிடிஎன்னின் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு திறந்தாயா? அதுவும் உன் பெயரில்? அது இல்லாமல் பிடிபிடிஎன் நகராது. இங்கே பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேருக்குப் பிரச்சினை அதுதான்.

கிள்ளான்_மூத்தவர்:
இந்தக் கேள்விக்கு இங்கேயே எத்தனையோ தடவை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாத பிள்ளைகள் கல்லூரிக்குப் போய் என்ன படிக்கப் போகிறார்கள் என்றுதான் யோசிக்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் யூபியூ பாரத்தைத் தாளில் நிரப்பி அனுப்பினோம், யாரும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகவில்லை. முதலில் பிடிபிடிஎன் வழிகாட்டியை முழுதாகப் படிக்கவும்.

சிரம்பான்_அக்கா:
மூத்தவரே, வழிகாட்டி மலாயில் பக்கம் பக்கமாக இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கெடு. படிக்கச் சொல்வதற்குப் பதில் எந்தப் பகுதி என்றாவது சொல்லலாமே.

பகாவ்_பிள்ளை:
நான் தம்பி இல்லை அண்ணா, பெண். எஸ்எஸ்பிஎன் என் பெயரில் 20 வெள்ளி போட்டுத் திறந்துவிட்டேன். கேஷும் அழித்தேன். எஸ்பிஎம் போன வருடம். கோர்ஸ் டிப்ளோமா கணினி.

செம்பனைக்காட்டான்:
சரி தங்கச்சி, மன்னிக்கணும். ஆனால் எந்தக் கல்லூரி என்று இன்னும் சொல்லவில்லை. பெயர் வேண்டாம். அரசாங்கமா தனியாரா, அது மட்டும் போதும்.

பகாவ்_பிள்ளை:
தனியார்தான். பள்ளியில் ஒரு அண்ணன் வந்து பேசினார், லேப்டாப் இலவசம், ஹாஸ்டல் உண்டு, பிடிபிடிஎன் நூறு விழுக்காடு கிடைக்கும் என்றார். ஒஃபர் லெட்டர் வாட்சாப்பில் வந்தது. யூபியூவுக்கும் போட்டிருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை.

எஸ்எஸ்பிஎன்_ராஜா:
தனியார் என்றால் கல்லூரி வேறு பெயரில் இருக்கும். சில கல்லூரிகள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கோர்ஸ் நடத்தும், பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் பெயரைத் தேட வேண்டும்.

சிரம்பான்_அக்கா:
தங்கச்சி, அந்த லெட்டரில் கோர்ஸ் பெயருக்குக் கீழே, ஓரத்தில், அடியில், சின்ன எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தட்டி அனுப்பு. ஐசி (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி வேண்டாம்.

பகாவ்_பிள்ளை:
மேலே கல்லூரி சின்னம். அப்புறம் பெரிய எழுத்தில் டிப்ளோமா. அதன் கீழே சின்னதாக டிகேஎம் தஹாப் 4 என்று இருக்கிறது. அப்புறம் ஒரு மையக் குறியீட்டு எண். கடைசி வரியில் பதிவுக் கட்டணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறது. பணம் போடக் கொடுத்த கணக்கு எண் லெட்டரில் இல்லை, அந்த அண்ணன் தனியாக வாட்சாப்பில் அனுப்பினார்.

சிரம்பான்_அக்கா:
கிடைத்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். டிகேஎம் என்றால் டிப்ளோமா கெமஹிரான் மலேசியா, மலேசியத் திறன் டிப்ளோமா. அது மனிதவள அமைச்சின் கீழ் ஜேபிகே என்கிற திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கும் சான்றிதழ். மூன்றாம் நிலைவரை எஸ்கேஎம், நாலாம் நிலை டிகேஎம், ஐந்தாம் நிலை டிஎல்கேஎம். போலிச் சான்றிதழ் ஒன்றும் இல்லை, முறையாகப் படித்தவர்கள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஆனால் திறன் பயிற்சிக்கு லோன் கொடுப்பது பிடிபிடிஎன் கிடையாது, பிடிபிகே, திறன் மேம்பாட்டு நிதிக் கழகம். அதனால்தான் உன் கோர்ஸ் பிடிபிடிஎன் பட்டியலில் வரவில்லை. வரவே வராது. அந்த அண்ணன் ஒன்று தெரியாமல் பேசியிருக்கிறார், இல்லை தெரிந்தே பேசியிருக்கிறார்.

செம்பனைக்காட்டான்:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, பொதுவாக எஸ்கேஎம் மூன்றாம் நிலை முடித்துத்தான் நாலாம் நிலைக்குப் போவார்கள். எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்கு நேராக நாலாம் நிலை லெட்டர் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேள். முதலில் மூன்றாம் நிலை நடத்தப் போகிறார்கள் என்றால் எத்தனை மாதம், அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, பிடிபிகே ஒதுக்கீடு அந்த மையத்துக்கு இருக்கிறதா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. ஜேபிகே அங்கீகரித்த மையங்களின் பட்டியலில் அந்த மையக் குறியீட்டைத் தேடிப் பார்க்கலாம், எந்தத் திறனுக்கு எந்த நிலை வரை அனுமதி என்று அதிலேயே இருக்கும்.

பழைய_பால்மரம்:
இது எதற்கு இவ்வளவு சுற்றல்? ஆறாம் படிவம் போகச் சொல்லுங்கள். அரசாங்கப் பள்ளி, செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்று தவணை, எஸ்டிபிஎம் எழுதி மூவெட் ஆங்கிலத் தேர்வும் எழுதினால் யூபியூவில் டிகிரிக்கே போடலாம். பதினெட்டு வயதில் யாருக்கும் கடன் வேண்டாம். நம் ஆட்கள்தான் ஆறாம் படிவம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
எஸ்டிபிஎம் எவ்வளவு கஷ்டம் என்று எழுதியவர்களைக் கேளுங்கள். ஒன்றரை வருடம் உட்கார்ந்து படித்து இரண்டு பாடத்தில் போனால் கையில் என்ன மிச்சம்? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் டிப்ளோமாதான் புத்திசாலித்தனம்.

பழைய_பால்மரம்:
மெட்ரிக் எல்லாருக்கும் கிடைத்தால் இந்தப் பேச்சே இல்லையே. 10ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் சொன்னார், நல்லது. தோட்டத்துப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய், டியூஷன் இல்லாமல், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு படிக்கிற பிள்ளையில் எத்தனை பேர் 10ஏ எடுக்கிறார்கள்? மற்றவர்களுக்கு ஆறாம் படிவம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கிள்ளான்_மூத்தவர்:
கடன் வேண்டாம் என்பது பாமரப் பேச்சு. பிடிபிடிஎன் உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம், வருடத்துக்கு 1 விழுக்காடு, இதைவிட மலிவாக எந்த வங்கி கொடுக்கும்? கட்டாமல் ஏமாற்றினால் பாஸ்போர்ட் போட முடியாது, அதனால் பயப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

பழைய_பால்மரம்:
பயணத் தடையை 2018இல் ஆட்சி மாறியபோதே எடுத்துவிட்டார்கள், மூத்தவர் இன்னும் பழைய பாரத்தையே நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

கிள்ளான்_மூத்தவர்:
தடை எடுத்தார்கள் என்பதற்காகக் கடன் கழிந்துவிடுமா? நம் பிள்ளைகள் கட்டாமல் விட்டால் பின்னால் வருகிற நம் பிள்ளைகளுக்குத்தான் நிதி இருக்காது. வாங்கினால் கட்ட வேண்டும்.

ராத்திரி_ஷிப்ட்:
சம்பளம் 1,800 வெள்ளி, வீட்டு வாடகை, மோட்டார் தவணை, அப்புறம் பிடிபிடிஎன். ஒழுக்கம் பேச எளிது.

சிரம்பான்_அக்கா:
சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளை இங்கே காத்திருக்கிறது. தங்கச்சி, உன் யூபியூ பட்டியலில் என்னென்ன போட்டாய், போலிடெக்னிக் போட்டாயா? கணினிதான் வேண்டும் என்றால் போலிடெக்னிக் டிப்ளோமா அரசாங்கத்தினுடையது, பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளிதான். நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே போர்ட்டிக்சனில் ஒன்று, நீலாயில் ஒன்று, ஆனால் ஒவ்வொன்றிலும் என்ன துறை இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிடிபிடிஎன்னும் போடலாம். ஒன்று மட்டும் நினைவில் வை, லோன் பணம் பதிவு நாளன்று கையில் இருக்காது. சேர்ந்து, ஒப்பந்தப் பத்திரங்கள் எல்லாம் கொடுத்த பிறகு, பருவத்துக்குப் பருவமாகத்தான் வரும். பதிவுக் கட்டணம், பஸ், பாய் தலையணை, முதல் மாதச் சாப்பாடு, இதற்கு வீட்டில் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். பி40, அதாவது வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிடிபிடிஎன் முன்பணம் 1,500 வெள்ளி உண்டு. அது இனாம் இல்லை, பின்னால் லோனிலிருந்து கழித்துக்கொள்வார்கள். யாருக்குப் பொருந்தும் என்று ஒஃபர் வந்ததும் கேட்டுக்கொள்.

எஸ்எஸ்பிஎன்_ராஜா:
அப்பா கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) பணத்தையும் எடுக்கலாம், பிள்ளை படிப்புக்கு அதில் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து எடுக்க வழி இருக்கிறது.

சிரம்பான்_அக்கா:
இருக்கிறது. 500 வெள்ளிக்காக அதைத் தொட வேண்டாம். குலை வெட்டுகிறவருக்கு முதுகு போன பிறகு அதுதான் சாப்பாடு.

செம்பனைக்காட்டான்:
அப்பா தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருக்கிறாரா கேள். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்து ஆரம்பித்தது, நம் தாத்தா பாட்டி நிறையப் பேர் மாதாமாதம் கட்டி உறுப்பினரானவர்கள். உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கத்தொகை கொடுப்பதுண்டு. பழைய தகரப் பெட்டியில் பங்குச் சான்றிதழ் இருக்கும், வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் வீட்டில் அப்படித்தான் கிடந்தது.

குலிம்_குமரேசு:
இடையில் நுழைகிறேன். என் தம்பிக்கும் ஒரு மையத்திலிருந்து டிப்ளோமா லெட்டர் வந்திருக்கிறது, ஆனால் இதில் டிகேஎம் என்று எங்கும் இல்லை, எம்கியூஏ (கோர்ஸ்களை அங்கீகரிக்கும் அரசாங்க அமைப்பு) எண் என்று இருக்கிறது. இது சரியா?

செம்பனைக்காட்டான்:
எண் இருந்தால் மட்டும் போதாது. எம்கியூஆர் என்று எம்கியூஏ வைத்திருக்கும் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, அங்கே அந்த எண்ணைத் தட்டு. கோர்ஸ் பெயர், கல்லூரி பெயர், முகவரி மூன்றும் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும். கோலாலம்பூர் வளாகத்துக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி வேறு ஊரில் ஆள் சேர்க்கிறார்களா என்று முகவரியில் தெரிந்துவிடும்.

பகாவ்_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. அந்த அண்ணனிடம் நாலாம் நிலை எப்படி என்று கேட்டேன், நேரில் வாருங்கள் பேசலாம் என்றார். பிடிபிகே என்று எழுதிக் கேட்டதும் பார்த்துவிட்டார், பதில் இல்லை. பணம் கட்டவில்லை. யூபியூவில் போலிடெக்னிக் இரண்டு போட்டிருக்கிறேன், முடிவு வரும்வரை ஆறாம் படிவத்துக்குப் போகலாம் என்று டீச்சர் சொன்னார். அம்மா பெட்டியைத் தேடுகிறார்.

சிரம்பான்_அக்கா:
நல்லது. லெட்டரையும் வாட்சாப் பேச்சையும் அழித்துவிடாதே, டீச்சரிடம் காட்டு. அந்த ஆள் உன் வகுப்பில் எத்தனை பேரிடம் பேசினான்?

கிள்ளான்_மூத்தவர்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், படித்துப் பார்க்க வேண்டும் என்று.

குலிம்_குமரேசு:
பதிவேட்டில் பார்த்தேன், எண் சரி, முகவரி வேறு. இப்போது யாரிடம் கேட்பது?

செம்பனைக்காட்டான்:
கல்லூரிக்கே எழுது. இந்த வளாகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஒரே வரியில், வாட்சாப்பில் இல்லை, மின்னஞ்சலில். பதில் வரும்வரை தம்பி ஐசி நகலை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.